அந்தப் பாடத்தை நீங்களே படிச்சுக்குங்க!

செம்பருத்திப் பூ ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல பிளேடால ரெண்டா கீறி, 'இது சூலகம், இது மகரந்தத்தாள்'னு ரெக்கார்டு நோட்டுல ஒட்டினோமே, அதே பூதான். எங்க பயாலஜி வாத்தியார் அந்தப் பூவுக்கு மட்டும் முழுசா ஒரு வாரம் எடுத்துக்கிட்டார். வண்டு எப்படி வரும், மகரந்தம் அதோட கால்ல எப்படி ஒட்டும், சூல்முடியில எப்படிப் போய் விழும்னு கலர் சாக்பீஸ்ல படமெல்லாம் போட்டு அசத்தினார். அடுத்த வாரம் அடுத்த பாடம். 'மனிதனில் இனப்பெருக்கம்'. மனுஷன் புத்தகத்தைத் திறந்தார், நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார், "இது ஈஸியான பாடம். நீங்களே படிச்சுக்குங்க"ன்னார். நேரா அடுத்த பாடத்துக்குத் தாவிட்டார்.

பொண்ணுங்க வரிசை தலையைக் குனிஞ்சுக்கிச்சு. பசங்க வரிசை ஒருத்தன் முதுகுல ஒருத்தன் தட்டிச் சிரிச்சுது. அந்த வருஷம் புத்தகத்துலேயே அதிகமா அழுக்காகி, ஓரம் மடங்கிப் போன பக்கங்கள் அந்த நாலு பக்கம்தான். வாத்தியார் சொல்லைத் தட்டாத பிள்ளைங்க நாங்க. நாங்களே படிச்சுக்கிட்டோம்!

திடீர்னு இது ஏன் ஞாபகம் வந்ததுன்னா, ஒரு கடிதம். செகண்ட் இயர் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கு. "அண்ணா, எங்க காலேஜ்ல பேச்சுப் போட்டி. தலைப்பு, 'பாலியல் கல்வி தேவையா, தேவையில்லையா?' குலுக்கல்ல எனக்கு 'தேவையில்லை' அணி விழுந்திருச்சு. மனசுக்கு ஒட்டலை. ஆனா கப் வாங்கணும். பாயின்ட்ஸ் குடுங்க. பின்குறிப்பு: செக்ஸ்ங்கிற வார்த்தையை மைக்ல சொல்லலாமா? முன்வரிசையில ஹெச்.ஓ.டி. உக்காந்திருப்பார்."

பின்குறிப்புக்கு அப்புறம் வர்றேன். முதல்ல பாயின்ட்ஸ்.

தங்கச்சி, உன் அணிக்கு ரெண்டே வாதம்தான் உண்டு. ஒண்ணு, சொல்லிக் கொடுத்தா பசங்க கெட்டுப் போயிடுவாங்க. ரெண்டு, சொல்லித்தான் ஆகணும்னா 'கல்யாணம் வரைக்கும் கூடாது'ன்னு மட்டும் சொல்லு, மிச்சமெல்லாம் எதுக்கு? இதை மடத்தனம்னு தள்ளிட முடியாது. எங்க அப்பா இதைத்தான் சொல்லுவார். உங்க அப்பாவும் சொல்லுவார். தூங்குற புலியை எதுக்கு இடறணும்ங்கிற நியாயமான பயம் அது. ஆனா ஒரு விசேஷம் பாருங்க. வெறும் பட்டிமன்றமா பேசிட்டுப் போக வேண்டிய இந்த விஷயத்தை, ஒரு நாடு காசு போட்டு, லட்சக்கணக்கான பிள்ளைங்க மேல செஞ்சே பாத்திருச்சு. ரிசல்ட்டும் வந்திருச்சு.

அந்த நாடு அமெரிக்கா. 'அட, அங்கதான் எல்லாம் ஓப்பனாச்சே'ன்னு நீங்க நினைச்சா, ஸாரி, ஹாலிவுட் படத்தைப் பாத்து ஏமாந்துட்டீங்க. அங்க பல ஊர்ல நம்ம ஊரைவிடக் கறார். 1996-ல அந்த நாட்டு அரசாங்கம் ஏழைகளுக்கான நலத்திட்டச் சட்டத்தை மாத்தி எழுதினப்ப, அதுக்குள்ள சத்தமில்லாம ஒரு பிரிவைச் சேர்த்துச்சு. 'கல்யாணம் வரை விலகியிரு'ன்னு மட்டும் சொல்லிக் கொடுக்கிற வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 5 கோடி டாலர். மத்திய அரசு 4 டாலர் போட்டா மாநிலம் 3 டாலர் போடணும். பாடம் எப்படி இருக்கணும்னு எட்டு விதிகளும் போட்டாங்க. கல்யாண பந்தத்துக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர்னு இருக்கிறதுதான் மனுஷ குலத்தோட எதிர்பார்க்கப்படுற நெறின்னு அதுல ஒரு விதி. ஆணுறை, மாத்திரை இதெல்லாம் பேசக் கூடாதா? பேசலாம், ஆனா 'அது தோத்துப் போகும்'னு சொல்ல மட்டும்தான் பேச முடியும்ங்கிற நிலைமை.

மாநிலங்கள் வரிசையில நின்னு காசை வாங்கின. கலிஃபோர்னியா மட்டும் ஆரம்பத்துலேயே 'எங்களுக்கு வேணாம்'னு ஒதுங்கிடுச்சு. 2009 வரைக்கும் இந்த வகையில செலவான பணம் சுமார் 150 கோடி டாலர். ரூபாயில போட்டுப் பாக்காதீங்க, தலை சுத்தும்.

வகுப்புக்கு வெளியில இன்னொரு அலையும் அடிச்சுது. சத்தியம் பண்ற இயக்கம்! 1993-ல அங்க சதர்ன் பாப்டிஸ்ட் சபைக்காரங்க ஆரம்பிச்சது. 'கல்யாணம் வரைக்கும் காத்திருப்பேன்'னு கார்டுல கையெழுத்துப் போடணும். மறு வருஷமே வாஷிங்டன் மைதானத்துப் புல்வெளியில ரெண்டு லட்சத்துக்கும் மேல கார்டுகளை நட்டு வெச்சாங்க. அப்புறம் வெள்ளி மோதிரம் போட்டுக்கிற கோஷ்டி வந்துச்சு. பாட்டு, லைட், கூட்டம், கடைசியில மோதிரம். நம்ம ஊர் காலேஜ் கல்ச்சுரல்ஸ் மாதிரியே களை கட்டும்னு வெச்சுக்குங்களேன்.

சரி, பலன்?

2007 ஏப்ரல்ல மேத்தமேட்டிகாங்கிற ஆய்வு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க நாடாளுமன்றமே கேட்டு வாங்கின ஆய்வு. அதாவது, காசு கொடுத்தவங்களே கணக்குக் கேட்டாங்க. வர்ஜீனியாவுல ஒரு கிராமத்துப் பகுதி, மயாமி, மில்வாக்கி, மிஸிஸிப்பியில கிளார்க்ஸ்டேல்னு நாலு இடத்து வகுப்புகளை எடுத்துக்கிட்டாங்க. மொத்தம் 2,057 பிள்ளைங்க. யார் வகுப்புக்குப் போறது, யார் போகாம இருக்கிறதுன்னு குலுக்கல் மாதிரிப் பிரிச்சாங்க. ஏன்னா, தானா விரும்பி அந்த வகுப்புக்குப் போற பிள்ளை ஏற்கெனவே அடக்கமான பிள்ளையா இருக்கலாம். அப்புறம் பலன் வகுப்பாலயா, பிள்ளையாலயான்னு தெரியாம போயிடும். (புள்ளியியல் படிக்கிற தம்பிங்க தலையாட்டுறது தெரியுது.) நாலு முதல் ஆறு வருஷம் கழிச்சுப் போய் ரெண்டு பக்கத்தையும் கேட்டாங்க.

வகுப்புக்குப் போனவங்கள்ல அதுவரை உறவே வெச்சுக்காதவங்க 49 சதவிகிதம். வகுப்புக்குப் போகாதவங்கள்ல? அதுவும் 49 சதவிகிதம். உறவு வெச்சுக்கிட்டவங்க முதல் தடவை அதுல இறங்கின சராசரி வயசு அந்தப் பக்கம் 14.9. இந்தப் பக்கமும் 14.9. எத்தனை பேரோடங்கிற கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணேதான். அத்தனை வருஷம், அத்தனை வகுப்பு, அத்தனை டாலர்... தசம புள்ளி கூட நகரலை!

இங்க ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். அந்த வகுப்புக்குப் போனவங்க மத்தவங்களைவிட அதிகமா பாதுகாப்பில்லாம நடந்துக்கலைங்கிறதையும் அதே ஆய்வுதான் சொல்லுச்சு. 'கூடாது வகுப்பு பிள்ளைகளைக் கெடுத்துடுச்சு'ன்னு எதிரணி பேசினா, தங்கச்சி, நீ எழுந்து இதைச் சொல்லலாம். கெடுக்கலை. ஒண்ணுமே பண்ணலை, அவ்வளவுதான்.

மோதிரக் கதை இன்னும் சுவாரஸ்யம். 2001-ல பியர்மன், ப்ரூக்னர்னு ரெண்டு ஆய்வாளர்கள், சத்தியம் பண்ணினவங்க சராசரியா ஒன்றரை வருஷம் தள்ளிப் போடுறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. அப்ப வேலை செய்யுதுதானே? செய்யுது, ஒரு கண்டிஷனோட! ஸ்கூல்ல கொஞ்சம் பேர் மட்டும் சத்தியம் பண்ணியிருந்தா அது ஒரு கெத்து. எல்லாரும் பண்ணிட்டா கெத்து போயிடும், பலனும் போயிடும். போதாததுக்கு, சத்தியம் உடையற அன்னிக்கு அவங்க பாதுகாப்பு எதுவும் எடுத்துக்கிறது மத்தவங்களைவிடக் குறைவு. யோசிச்சுப் பாருங்க, ஏன்னு புரியும். ஆணுறை வாங்கி வெச்சுக்கிட்டா, சத்தியத்தை உடைக்கப் போறேன்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்ட மாதிரி. 'ஏதோ ஒரு வேகத்துல நடந்திருச்சு'ன்னா மன்னிப்பு உண்டு. ப்ளான் பண்ணினா பாவம்! இந்த லாஜிக் நமக்குப் புதுசா என்ன?

2009-ல ஜேனட் ரோஸன்பாம்ங்கிற ஆய்வாளர் இன்னும் கறாரா பாத்தார். ஒரே மாதிரி குடும்பம், ஒரே அளவு பக்தி, ஒரே மாதிரி அபிப்ராயம் உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, சத்தியம் பண்ணினவங்களையும் பண்ணாதவங்களையும் ஒப்பிட்டார். அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு கூட்டத்துக்கும் நடத்தையில வித்தியாசம் இல்லை, பாதுகாப்பு எடுத்துக்கிறதுல சத்தியக்கார கோஷ்டி பின்தங்கி இருந்ததைத் தவிர. இதுல ஹைலைட் என்ன தெரியுமா? சத்தியம் பண்ணினவங்கள்ல 82 சதவிகிதம் பேர், 'நானா? சத்தியமா? அப்படியெல்லாம் ஒண்ணும் பண்ணலையே'ன்னாங்க!

சிரிச்சாச்சா? இப்போ சிரிக்க முடியாத விஷயத்துக்கு வருவோம்.

அந்த வகுப்புகள்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க? 2004 டிசம்பர்ல ஹென்றி வாக்ஸ்மன்ங்கிற நாடாளுமன்ற உறுப்பினர், அதிகமா புழக்கத்துல இருந்த 13 பாடத்திட்டங்களை வாங்கி வரிவரியா படிக்க வெச்சார். அதுல 11-ல தப்புத் தப்பா தகவல்கள். வியர்வையிலயும் கண்ணீர்லயும் ஹெச்.ஐ.வி. பரவுற அபாயம் இருக்குன்னு ஒரு பாடம். ஆணுறை நூத்துக்கு 31 தடவை ஹெச்.ஐ.வி.யைத் தடுக்காதுன்னு இன்னொண்ணு. அந்த 31, 1993-ல வந்து, அப்புறம் அரசு நிபுணர்களே ஒதுக்கி வெச்ச ஒரு ஆய்வுலேருந்து உருவினது. 43 நாள் கருவை 'சிந்திக்கும் மனிதன்'னு எழுதின பாடம்கூட உண்டு. இதையெல்லாம் எழுதினவங்க நோக்கம் நல்லதாவே இருக்கட்டும். பயமுறுத்தியாவது காப்பாத்திடலாம்னு நினைச்சிருப்பாங்க. ஆனா 'ஆணுறை வேலைக்கு ஆகாது'ன்னு நம்பின பையன் என்ன பண்ணுவான்? உறவு வேணாம்னு முடிவெடுப்பான்னு இவங்க நினைச்சாங்க. ஆணுறை வேணாம்னும் முடிவெடுக்கலாமே அவன்!

அதைவிட மோசம் சூயிங்கம். ஒரு சூயிங்கமை மென்னு காட்டி, 'இப்ப இது யாருக்கு வேணும்?'னு கேக்கிறது அந்த வகுப்புகள்ல பிரபலமான உதாரணம். எலிஸபெத் ஸ்மார்ட்ங்கிற பேரைக் கேள்விப்பட்டிருக்கலாம். 2002-ல, 14 வயசுல, ஸால்ட் லேக் சிட்டியில தன் வீட்டுப் படுக்கையறையிலேருந்தே கடத்தப்பட்ட பொண்ணு. ஒன்பது மாசம் அடைச்சு வெச்சு பலாத்காரம் பண்ணினான் கடத்தினவன். மீண்டு வந்து, பிற்பாடு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே வேலை செய்ய ஆரம்பிச்சார். 2013-ல ஒரு மேடையில, 'வாய்ப்பு கிடைச்சும் ஏன் ஓடலை?'ங்கிற கேள்விக்குப் பதில் சொல்றப்ப, டீச்சர் சொன்ன இந்தச் சூயிங்கம் கதையைத்தான் நினைவுபடுத்தினார். தான் மென்னு துப்பின சூயிங்கம், இனி தனக்கு எந்த மதிப்பும் இல்லைன்னு அந்தச் சின்ன வயசுல தோணிப் போச்சாம். மதிப்பே போனப்புறம் ஓடி என்ன, கத்தி என்ன?

அந்த டீச்சர் அந்தப் பொண்ணை மனசுல வெச்சுச் சொல்லலை. ஏதோ ஒரு மதியம், நாப்பது பிள்ளைங்களுக்குச் சொன்ன உதாரணம். ஆனா அது போய்ச் சேர்ந்த இடம் அது.

அமெரிக்காக்காரனைச் சொல்லி என்ன? 'முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும் சேதாரம் சேலைக்குத்தான்'னு சொல்லிச் சொல்லித்தானே நம்ம வீட்டுல பொண்ணுங்களை வளர்த்தோம்? முள்ளுக்கு யாராவது வகுப்பு எடுத்திருக்கோமா? பஸ்ல, டியூஷன்ல, சொந்தக்காரர் வீட்டுல ஒரு தப்பு நடந்தா அந்தப் பொண்ணு வாயைத் திறக்காததுக்கு இந்த ஒரு பழமொழி போதும். பையன்களுக்கு நடந்தா? அவங்களுக்குப் பழமொழியே கிடையாது. 2007-ல மத்திய அரசோட பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்கள்ல 12,447 குழந்தைகளைக் கேட்டு எடுத்த ஆய்வுல, ஏதாவது ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதா சொன்னவங்க 53 சதவிகிதம். அதுல பையன்களும் கணிசம். 'கூடாது'ங்கிற பாடம் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லும்? 'நீ பண்ணாதே'ன்னு சொல்லும். அடுத்தவன் பண்ணினா என்ன பண்றதுன்னு அதுல பக்கமே கிடையாது.

சரி, எதிரணிப் பாடம் எப்படி? பல பேர் நினைக்கிற மாதிரி முழுப் பாலியல் கல்வின்னா 'போய் ஜாலியா இரு'ன்னு சொல்றது இல்லை. அவசரப்படாதே, காத்திருக்கிறதுதான் உத்தமமான பாதுகாப்புன்னு அதுவும் சொல்லும். அதோட நிறுத்தாது. உன் உடம்பு எப்படி வேலை செய்யுது, சம்மதம்னா என்ன, வேணாம்னு எப்படிச் சொல்றது, அடுத்தவங்க வேணாம்னா எப்படி அதை மதிக்கிறது, கர்ப்பம் எப்படி உண்டாகுது, நோய் எப்படித் தொத்துது, எப்படித் தடுக்கிறது, யார்கிட்ட உதவி கேக்கிறது... வயசுக்குத் தக்கபடி எல்லாத்தையும் சொல்லும். 2007-ல டக்ளஸ் கிர்பிங்கிற ஆய்வாளர், இந்த மாதிரி 48 திட்டங்களோட பலனைத் தொகுத்துப் பாத்தார். மூணுல ரெண்டு பங்கு திட்டங்கள் ஏதாவது ஒரு விதத்துல நல்ல மாற்றம் கொண்டு வந்திருந்தது. முதல் உறவைத் தள்ளிப் போட வெச்சது, ஆணுறைப் பழக்கத்தைக் கூட்டினது, இப்படி. மூணுல ஒரு பங்கு பப்படம்தான், அதையும் மறைக்க வேணாம். 2008-ல வந்த இன்னொரு ஆய்வு, முழுப் பாடம் படிச்ச டீன் ஏஜ் பிள்ளைங்க கர்ப்பத்துல சம்பந்தப்படுற வாய்ப்பு, எந்தப் பாடமும் படிக்காதவங்களைவிட 60 சதவிகிதம் குறைவுன்னு சொல்லுச்சு. 'சொல்லிக் கொடுத்தா சீக்கிரம் கெட்டுப் போவாங்க'ங்கிறதுக்கு ஆதாரம் எங்கேயும் சிக்கலை. 2018-ல யுனெஸ்கோ உலகம் பூராத் திரட்டிப் பாத்தும் அதைத்தான் சொல்லுச்சு.

தங்கச்சி, முகத்தைத் தொங்கப் போடாதே. உன் அணிக்கும் ஒரு துருப்புச் சீட்டு இருக்கு. எதிரணிக்குத் தெரியாம வெச்சுக்கோ. 2010-ல ஜான் ஜெம்மட்ங்கிற பேராசிரியர் குழு, 662 கறுப்பினச் சிறுவர் சிறுமியரை, 12 வயசு வாக்குல உள்ளவங்களை வெச்சு ஒரு பரிசோதனை நடத்தினாங்க. ஒரு கூட்டத்துக்கு எட்டு மணி நேரம் 'இப்ப வேணாம், காத்திரு'ங்கிற பாடம் மட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு அவங்கள்ல உறவுல இறங்கினவங்க மூணுல ஒரு பங்குதான். பொது ஆரோக்கியப் பாடம் மட்டும் கேட்ட கூட்டத்துல கிட்டத்தட்ட பாதி. ஆக, 'காத்திரு'ங்கிற சொல் தன்னளவுல வெத்துச் சொல் இல்லை! ஆனா அந்த வகுப்புல 'கல்யாணம் வரை'ன்னு சொல்லலை, 'நீ தயாராகிற வரை'ன்னாங்க. ஆணுறையைக் கேவலப்படுத்தலை. பாவம், புண்ணியம், சூயிங்கம் எதுவும் இல்லை. பிள்ளைங்களையே யோசிக்க வெச்சாங்க. வேடிக்கை என்னன்னா, அந்த எட்டு விதிகளுக்கு உட்படாததால, 1996 சட்டப்படி இந்த வகுப்புக்குக் காசே கிடைச்சிருக்காது!

அங்க இன்னிக்கும் சண்டை ஓயலை. 2010-ல ஒபாமா அரசு முழுப் பாடத்துக்கும் காசு ஒதுக்கிச்சு. பழைய வகையறாவும் பேரை மாத்திக்கிட்டுத் தொடருது, 'பாலியல் அபாயத் தவிர்ப்பு'ன்னு. இதுக்கிடையில டீன் ஏஜ்ல தாயாகிறது அங்க மளமளன்னு இறங்கிடுச்சு. 1991-ல ஆயிரம் பொண்ணுக்கு 61.8 குழந்தை, 2023-ல 13.1. இதுக்கு வகுப்பு மட்டுமே காரணம்னு எந்த அணி மார்தட்டினாலும் நம்பாதீங்க. ஆனா 1995-லேருந்து 2002 வரைக்குமான இறக்கத்தைப் பிரிச்சுப் பாத்த ஒரு ஆய்வுல, 86 சதவிகிதப் பங்கு கருத்தடையை ஒழுங்கா பயன்படுத்தினதுக்கு, 14 சதவிகிதம் விலகியிருந்ததுக்கு.

நம்ம கதை? 2005-ல மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. 2007-ல படங்கள் ஆபாசமா இருக்குன்னு கிளம்பின எதிர்ப்புல மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகான்னு வரிசையா தடை போட்டாங்க. 2009-ல மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில பாலியல் கல்வியே கூடாது, கல்யாணத்துக்கு முன்னாடி உறவு தப்புங்கிற செய்தியைத்தான் சொல்லணும்னு பரிந்துரை பண்ணுச்சு. மேத்தமேட்டிகா அறிக்கை வந்து அப்ப முழுசா ரெண்டு வருஷம்!

தமிழ்நாட்டை எடுத்துக்கிட்டா ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க. 1986-ல நாட்டுலேயே முதல் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடிச்சது சென்னையில, டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி டாக்டர் நிர்மலாவும். அப்புறம் ஊரெல்லாம் சுவர்ல, பஸ்ல, பேனர்ல புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு கேட்டோம். (நீங்க அப்ப பிறந்திருக்கவே மாட்டீங்க. வீட்டுல கேட்டுப் பாருங்க, அப்பா பேப்பரால முகத்தை மறைச்சுப்பார்.) காலேஜ்களுக்கு ரெட் ரிப்பன் கிளப் வந்துச்சு. இவ்வளவும் பேசின அதே ஊர்லதான் 2005-ல, ஒரு பத்திரிகையில கல்யாணத்துக்கு முந்தைய உறவு பத்திச் சொல்றப்ப, கர்ப்பமும் நோயும் வராம பாத்துக்கணும்னு சொன்ன குஷ்பு மேல இருபதுக்கும் அதிகமான வழக்குகள் பாய்ஞ்சது. 2010-ல உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து பண்ணுச்சு.

இப்ப என் ஹாஸ்டல் ரூம்மேட்டைப் பத்தி. பேர் வேணாம். கிராமத்துலேருந்து வந்தவன், பொண்ணுங்க எதிர்ல வந்தா தரையைப் பாத்து நடப்பான். விடியக்காலையில எழுந்து தானே லுங்கியைத் துவைப்பான். சுத்தக்காரப் பையன்னு நினைச்சோம். பேப்பர்ல ஒரு விளம்பரம் வருமே, 'இளமையில் செய்த தவறுகளால் அவதியா?'ன்னு, மாசாமாசம் எந்த ஊர்ல எந்தத் தேதி எந்த லாட்ஜ்னு போட்டு? அதைக் கத்தரிச்சு பர்ஸுல வெச்சிருந்திருக்கான். தூக்கத்துல விந்து வெளியேறுது, உடம்புல உள்ள சத்தெல்லாம் போயிடுச்சுன்னு பயம். லாட்ஜ்ல உக்காந்திருந்த வைத்தியர் நாடியைப் பிடிச்சு, 'ரொம்ப முத்திருச்சு தம்பி, இப்படியே விட்டா கல்யாணம் பண்ண லாயக்கில்லை'ன்னுட்டார். ஒரு மண்டலத்துக்கு லேகியம். முதல் தவணைக்குப் பாட்டி போட்ட மோதிரம் போச்சு. ரெண்டாவது தவணைக்கு செமஸ்டர் ஃபீஸ். 'ஹால் டிக்கெட் வரலை'ன்னு எங்ககிட்டச் சொல்லிட்டு, பரீட்சை நடந்த பத்து நாளும் ரூம்லேயே சுவரைப் பாத்துப் படுத்திருந்தான்.

விஷயம் வெளியில வந்தது மெடிக்கல் காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்த ஒரு சீனியர் அண்ணன் மூலமா. அவர் இவனை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய், "டேய், மீசை முளைக்கிற மாதிரிடா இதுவும். உடம்பு தானா உற்பத்தி பண்ணும், தானா வெளியேத்தும். கைப்பழக்கத்தாலயும் ஒரு சத்தும் போகாது. நோயே இல்லாததுக்கு மருந்து சாப்பிட்டிருக்கே"ன்னார். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா? அவன் டீ கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே அழுதான். கல்யாணமே பண்ணிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தானாம், பதினெட்டு வயசுல.

யோசிச்சுப் பாருங்க. 'கூடாது' கோஷ்டி எதிர்பார்க்கிற அத்தனையையும் ஒழுங்கா கடைப்பிடிச்ச பையன் அவன். ஒரு பொண்ணு கையைக்கூடத் தொட்டதில்லை. அந்த நாலு பக்கத்தை யாராவது ஒரு வாத்தியார் ஒரே ஒரு பீரியட் நடத்தியிருந்தா மோதிரமும் மிஞ்சியிருக்கும், செமஸ்டரும் மிஞ்சியிருக்கும். லாட்ஜ் வைத்தியர்கள் இப்ப போன் ஸ்க்ரீனுக்கே குடி வந்துட்டாங்க, ராத்திரி பதினொரு மணிக்கு மேல வீடியோ வீடியோவா ஓடுது. பிள்ளைங்க கையில ஆபாசப் படமும் இருக்கு, லேகிய விளம்பரமும் இருக்கு. இல்லாதது பாடம் மட்டும்தான்.

2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. சென்னையில பதிவான வழக்கு. குழந்தைகளை வெச்சு எடுத்த ஆபாசப் படத்தைத் தனியா பாக்கிறது குற்றமில்லைன்னு சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. அதோட நிறுத்தாம, பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும், அது மேற்கத்திய சமாச்சாரம்ங்கிறதெல்லாம் தப்பான எண்ணம், அந்தக் கல்வி இந்தியாவுக்குத் தேவைன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கு. எதிரணி இதைக் கண்டிப்பா எடுக்கும் தங்கச்சி, தயாரா இரு.

உனக்கு நான் சொல்ற ஐடியா, ஜெம்மட் ஆய்வை வெச்சு ஆரம்பி. 'பயமுறுத்துற பாடம் தேவையில்லை, பொய் சொல்ற பாடம் தேவையில்லை, பொண்ணை மட்டும் சேலைன்னு சொல்ற பாடம் தேவையில்லை'ன்னு அடுக்கிட்டே போ. 'தேவையில்லை' அணியாவும் இருக்கும், உன் மனசுக்கும் ஒட்டும். நடுவர் விவரமானவரா இருந்தா கப் உனக்கு. விவரம் இல்லாதவரா இருந்தாலும் கைதட்டல் உனக்கு.

அப்புறம் அந்தப் பின்குறிப்பு. சொல்லலாம். தயங்காம, மத்த வார்த்தைகளைச் சொல்ற அதே வேகத்துல சொல்லு. முதல் தடவை பின்வரிசையில விசில் வரும். மூணாவது தடவை வராது. ஹெச்.ஓ.டி. என்ன பண்ணினார்னு மட்டும் மறக்காம எழுதிப் போடு.